கோடு மாஸ்டரின் கல்லீரலுக்குள் ஒரு குழாய்

அவரை எல்லோரும் 'கோடு மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவரைக் கோட்டு தைக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணு தைச்சுத் தருவீங்களா?" என்று வந்து நிற்பதும் உண்டு. அவர் பிறந்ததிலிருந்து ஒரு கோட்டைக்கூடத் தொட்டதில்லை. தையல் மெஷினில் கடைசியாக உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் வேலை வெட்டுவது. பள்ளிச் சீருடை தைக்கிற அந்தக் கூடத்தில், பஸ் நீளத்துக்கு ஒரு மேஜை. அதன்மேல் நாற்பது அடுக்காகத் துணியை விரித்து, மேல் அடுக்கில் சாக்பீஸால் அவர் ஒரு கோடு இழுத்தால் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். சந்தேகப்பட்டு அளவுகோல் வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. புகை கிடையாது. குடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருடைய அப்பா குடித்துக் குடித்தே நாற்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தவர். வாசலில் விழுந்து கிடந்த அப்பாவை இழுத்துப்போட்டு இழுத்துப்போட்டே வளர்ந்த பிள்ளை, பாட்டிலைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போகிற ஆளாகிவிட்டார். பதினான்கு வருடமாகச் சர்க்கரை இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். தொந்தி இருந்தது. அதற்கென்ன, சட்டையைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிக்கொண்டால் போயிற்று.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். மேஜையில் வெள்ளைத் துணி. காலர் வளைவுக்குக் குனிந்தவருக்கு வயிற்றைப் புரட்டியது. காலையில் சாப்பிட்டது சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். நிமிர்வதற்குள் வாய் நிறைந்துவிட்டது. கையால் பொத்தினார். விரல் இடுக்குகளிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வந்தது.

வெள்ளைத் துணியின்மேல் சிவப்பாக ஏதோ பரவுவதைப் பார்த்து, யார் சாயத்தைக் கொட்டியது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அடுத்த வாந்தியில்தான் அது தன்னுடையது என்று புரிந்தது. அப்போதும் வாயில் வந்த வார்த்தை, "ஐயோ, துணி போச்சே!"

"துணி கிடக்கட்டும் மாஸ்டர்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தது ஓவர்லாக் அக்கா. துணி ஓரங்களை ஓவர்லாக் மெஷினில் அடிக்கிறவள். அவரைவிட எட்டு வயது சின்னவள்தான், ஆனாலும் கூடம் முழுக்க அவள் அக்கா. அவள் புடவையும் நனைந்துவிட்டது. ஒரு மனிதனுக்குள் இவ்வளவு இருக்குமா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இருட்டியது.

ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டு, உணவுக்குழாயில் வீங்கி வெடித்திருந்த ரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். ரத்தம் நின்றது. அவர் கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"எவ்வளவு நாளா என்ன?"

"குடிக்கிறது."

அவருக்கு மூச்சே நின்றுபோயிற்று. ரத்தம் வந்தபோதுகூட இப்படி ஆகவில்லை.

"நானா?"

"பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க. ரத்த வாந்தின்னா ஈரல். ஈரல்னா குடி. உங்கப்பா கதையும் அதுதானே? இருபத்தாறு வருஷம் என்கிட்ட நடிச்சிருக்கீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். குழாய் விட்ட தொண்டை, பேசிய அந்த இரண்டு வார்த்தைக்கே தீர்ந்துபோயிருந்தது. காற்றுதான் வந்தது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். உடம்பில் இருந்த மிச்ச ரத்தமும் அப்போதுதான் வடிந்ததுபோல் இருந்தது அவருக்கு. இந்த ஒரு பெயர் வரக் கூடாதென்றுதானே ஒரு கல்யாண வீட்டில்கூட அந்தப் பக்கம் ஒதுங்காமல் இருந்தார்?

மறுநாள் காலை ஒரு டாக்டர் வந்தார். நாற்பது வயதுகூட இருக்காத பெண். கத்தி வைத்துக் கிழிக்காமல், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ரத்தக்குழாய்க்குள் புகுந்து வேலை செய்கிறவர். மனைவியையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"குடல்லேருந்து வர்ற ரத்தம் எல்லாம் கல்லீரல் வழியாத்தான் இதயத்துக்குப் போகணும். உங்களுக்குக் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போச்சு. உள்ள போக வழியில்லாம ரத்தம் பின்னால முட்டுது. முட்டுற ரத்தம் கிடைச்ச சந்துல எல்லாம் புகுந்து உணவுக்குழாய்ல வீங்கி நின்னுச்சு. அதுல ஒண்ணுதான் வெடிச்சது."

"மேடம், நான் குடிக்கிறதில்ல," என்றார் மாஸ்டர். அவருக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

"குடிச்சீங்கன்னு யார் சொன்னா? சர்க்கரை, கொழுப்பு, ரெண்டும் சேர்ந்து வருஷக்கணக்கா கல்லீரலை அரிச்சிருக்கு. குடிக்காதவங்க எத்தனையோ பேர் இப்படித்தான் வர்றாங்க."

மனைவி டாக்டரின் முகத்தையே பார்த்தாள். "அப்போ இவர்... ஒரு தடவைகூட?"

"அவரைத்தான் கேக்கணும். ஆனா இந்த வியாதிக்குக் குடி வேண்டியதில்ல."

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "நேத்து வீட்டுக்குப் போயி பாட்டில் தேடினேங்க. மாவு டப்பாவக்கூட விடல. கவுத்துக் கொட்டித் தேடினேன்."

மாஸ்டர் அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். ரப்பர் வளையம் தற்காலிகம்தான். கல்லீரல் இருக்கிற நிலைமைக்கு மறுபடி ரத்தம் வந்தால் உடம்பு தாங்காது. அதனால் அடைபட்ட பக்கத்திலிருந்து அடைபடாத பக்கத்துக்குக் கல்லீரலுக்குள்ளேயே ஒரு வழி திறந்து, அது மூடாமலிருக்க ஒரு குழாயை வைத்துவிட வேண்டும். மூன்று நாளுக்குள் செய்வது நல்லது. சட்டைப் பையிலிருந்து மாதிரிக்கு ஒரு குழாயை எடுத்துக் கொடுத்தார்.

சுண்டுவிரல் தடிமன் இருந்தது. மெல்லிய கம்பி வலை. அதன்மேல் காகிதம் போல வழுவழுவென்று வெள்ளையாக ஒரு உறை. மாஸ்டரின் விரல்கள் தாமாகவே வேலையில் இறங்கின. திருப்பினார், ஓரத்தைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், இது டேமேஜ் பீஸு. இந்த முனையில லைனிங் ஓடல. வெறும் கம்பியா நிக்குது பாருங்க. மாத்தி வாங்கிடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். கூட வந்திருந்த நர்ஸும் சிரித்தாள்.

"நல்லாத்தான் பாத்தீங்க! அது வேணும்னே விட்டது. அந்த ரெண்டு சென்டிமீட்டர், குடல் ரத்தம் வர்ற பெரிய குழாய்க்குள்ள நிக்கும். அங்க உறை இருந்தா கல்லீரலுக்குப் போற கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் மறைச்சிடும். வலையா இருந்தா அதுக்குள்ள புகுந்து போகும். மீதி நீளம் நாங்க கல்லீரலைக் குடைஞ்சு போற வழி. அங்க வெறும் கம்பி வெச்சா சதை உள்ள வளர்ந்து அடைச்சிடும். அதான் இப்போ லைனிங் போட்டு வருது."

"முன்னாடியே லைனிங் போட வேண்டியதுதானே?"

"முன்னாடி வெறும் கம்பிதான் வெச்சாங்க. அடைக்கும். திரும்பத் திரும்பப் போய் எடுத்து விடணும்."

அதற்கு ஆள் சாட்சி பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தது. ஓய்வு பெற்ற ரயில் கார்டு. பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தவர். டாக்டர் போனதும் தலையணையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எனக்கு வெச்சப்ப இந்த உறையெல்லாம் வரல. ஆறு மாசம் ஓடும். அப்புறம் வயித்துல தண்ணி கட்டும். என்னன்னு பாத்தா, அடைச்சிருக்கும். பலூன் விட்டு ஊதித் திறப்பாங்க. எட்டு மாசம் ஓடும். திரும்ப அடைக்கும். அஞ்சு தடவைங்க! ரயில் சிக்னல்ல நிக்கிற மாதிரி நின்னு நின்னுதான் ஓடினேன். அப்புறம் பழைய கம்பிக்குள்ளயே உறை போட்ட குழாய் ஒண்ணைச் செருகினாங்க. நாலு வருஷமாச்சு, ஒரு தடவையும் நிக்கல."

"வலிக்குமா?" என்றார் மாஸ்டர்.

"கழுத்து வழியா உள்ள போவாங்க. மயக்கம் குடுத்திடுவாங்க. வலி கிடக்குது, அது போயிடும். டாக்டர் ஒரு சிரப் தருவாங்க பாருங்க, அதை மட்டும் விட்டுடாதீங்க."

கழுத்து வழியாக என்றதில் நின்றுபோன மாஸ்டரின் காதில் சிரப் விழவே இல்லை. கழுத்தில் ஓட்டை போட்டு ஈரலுக்குப் போவதா? சட்டைக்குப் பொத்தான் வைக்கக் காலர் வழியாகக் கையை விடுவதுபோல அல்லவா இருக்கிறது!

ஆனால் அப்படித்தான் நடந்தது. வியாழக்கிழமை காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டரை மணி நேரம். வெளியே வந்த டாக்டர், மாஸ்டரின் மனைவியிடம் இரண்டு எண்களைச் சொன்னார். குழாய் வைப்பதற்கு முன் உள்ளே இருந்த அழுத்தம் இருபத்திரண்டு, வைத்த பிறகு எட்டு. அவளுக்கு அளவு புரியவில்லை, ஆனால் டாக்டர் முகம் புரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கிளம்புகிற அன்று டாக்டர் மறுபடி உட்காரவைத்துச் சொன்னார். "ரத்தம் இப்போ குறுக்கு வழியில போகுது. கல்லீரல் வடிகட்ட வேண்டிய கழிவு கொஞ்சம் வடிகட்டாமலே மூளைக்குப் போகும். அதனால புத்தி தடுமாறலாம். இந்தச் சிரப் குடிச்சா கழிவு வயித்தாலேயே போயிடும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை போயே ஆகணும். மலச்சிக்கல் மட்டும் வரவே கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று மாஸ்டர் தலையாட்டினார். உயிர் திரும்பக் கிடைத்தவன் எதற்கும் தலையாட்டுவான்.

ஏழு வாரத்தில் வேலைக்குப் போனார். கூடம் மூன்றாவது மாடியில், கழிப்பறை கீழே வாசலுக்குப் பக்கத்தில். முதல் நாள் நான்கு முறை இறங்கி ஏறினார். ஐந்தாவது முறை இறங்கும்போது பட்டன் தைக்கிறவன், "மாஸ்டர் இப்போ அளவெடுக்கிறதே படிக்கட்டைத்தான்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். மறுநாளிலிருந்து வேலை நாட்களில் சிரப்பைக் குடிக்கவில்லை. காலையில் மனைவி அளந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் சிங்க்கில் கொட்டிவிடுவார்.

அதற்கப்புறம் வந்த ஒரு புதன்கிழமை காலை, சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில். பழைய கட்டில் இல்லை, வேறு கட்டில். கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று நர்ஸ் கேட்டாள்.

"புதன்."

"சனிக்கிழமைங்க."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப் போனார். அப்போது மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி நீலமாகக் கன்றிப்போயிருந்தது. நான்கு விரல் தடம் தனித்தனியாகத் தெரிந்தது.

"என்ன இது? யாரு பண்ணினது?"

அவள் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்தாள். "ஒண்ணுமில்லங்க."

"யாருன்னு கேக்கறேன்ல?"

அவள் டம்ளரை மற்றக் கைக்கு மாற்றினாள். சொல்லாமலே புரிந்துவிட்டது. மாஸ்டர் தன் வலது கையை எடுத்துப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து, இந்தக் கை ஒருபோதும் அப்படி எழாது என்று பத்து வயதிலேயே முடிவு செய்திருந்தார். அந்தக் கைதான் இது.

"நான் என்ன சொன்னேன்?"

"நீ யாரு, எதுக்கு என் வீட்டுல இருக்கேன்னு கேட்டீங்க," என்றாள். "விடுங்க. அது நீங்க இல்ல."

அன்று சாயங்காலம் ஓவர்லாக் அக்கா பார்க்க வந்தாள். கையில் ஒரு துணிப்பை. கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு அதிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டாள். நீலத் துணி. ஓரம் புழு நெளிந்த மாதிரி வளைந்து வளைந்து, நடுவில் ஓர் இடத்தில் உள்ளே புகுந்து வெளியே வந்திருந்தது.

மாஸ்டர் எடுத்துப் பார்த்தார். "யாரு வெட்டினது இது? கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டினானா? இவனை எல்லாம் யாரு மேஜைகிட்ட விட்டது?"

அக்கா பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு அக்கா, யாரு?"

"நீங்கதான் மாஸ்டர்."

அவர் நம்பவில்லை. துணியைத் திருப்பிப் போட்டார். விளிம்பில் அவருடைய அடையாளம் இருந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் அவர் போடுகிற சின்னப் பிறை. அதுகூடக் கோணலாக, குழந்தை கிறுக்கியதுபோல்.

"நாற்பது அடுக்கும் இப்படித்தான்," என்றாள் அக்கா. "கட்டிங் மெஷினை ஓட விட்டுட்டு, 'கை எங்க இருக்கு, கை எங்க இருக்கு'ன்னு கேட்டீங்க. சட்டைக் கையைத்தான் தேடுறீங்கன்னு நெனச்சோம். பாத்தா உங்க இடது கையக் கொண்டுபோய் பிளேடுகிட்ட வெச்சுப் பாக்கறீங்க. ஓடிப்போய் பிளக்கைப் புடுங்கிட்டேன். ஒரு விரக்கடைதான் மிச்சம் மாஸ்டர். அப்புறம்தான் உங்களை வீட்டுல கொண்டுபோய் விட்டோம்."

யாரோ வேறொரு ஆளைப் பற்றிய சங்கதியைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஊரே கோடு என்று கூப்பிட்ட ஆள் போட்ட கோடு இது. ரத்தம் கொட்டியபோது உடம்புதான் போகிறதென்று நினைத்தார். இதுவோ அவரையே எடுத்துக்கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டு, உடம்பை மட்டும் வேலைக்கு அனுப்பியிருக்கிறது. போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் வந்தபோது கேட்கும்முன்னே சொல்லிவிட்டார். "சிரப்பைக் கொட்டிட்டேன் மேடம். வேலைக்குப் போற நாளெல்லாம். சிங்க்ல."

மனைவி ஆவென்று பார்த்தாள். "நான் ஊத்திக் குடுத்ததையா?"

"மூணு மாடி இறங்கி ஏற வெக்கமா இருந்துச்சு."

டாக்டர் திட்டவில்லை. சிரப்போடு ஒரு மாத்திரையையும் சேர்த்து எழுதினார். தினமும் காலையில் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்து கோணினால் அன்றே வர வேண்டும்.

இந்த முறை மாஸ்டர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. முதலாளியிடம் போய் நின்று, "இந்த வியாதிக்கு நான் அடிக்கடி போகணும். அதைச் சொல்லிச் சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சிடட்டும்," என்று எல்லார் எதிரிலும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மேஜையைத் தரைத்தளத்துக்கு இறக்கிவிடலாம் என்றார் முதலாளி.

இருந்தும் மூன்றாம் மாதம் ஒரு காலையில், தாளைப் பார்த்த மனைவி அடுப்பை அணைத்தாள். கையெழுத்தின் கடைசி எழுத்து கீழே வழுக்கிக்கொண்டு போயிருந்தது. சட்டைப் பொத்தான்களையும் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். "கிளம்புங்க," என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

நான்கு நாளில் தெளிந்தது. டாக்டர் சொன்னார்: "மருந்து ஒழுங்கா எடுத்தும் வருதுன்னா, வழி ரொம்ப அகலமா இருக்குன்னு அர்த்தம். அதே குழாய்க்குள்ள, நடுவுல ஒடுங்கின இன்னொரு உறைக் குழாயை வெச்சு ஓட்டத்தைக் குறைக்கலாம்."

"சட்டை லூசா இருந்தா மடிச்சுத் தைக்கிற மாதிரி, உள்ள டக் பிடிக்கறீங்க," என்றார் மாஸ்டர்.

"அப்படியே வெச்சுக்கங்க. ஆனா சுருக்கினா அழுத்தம் கொஞ்சம் ஏறும். பழையபடி ரத்தம் வர வாய்ப்பு கொஞ்சம் கூடும்."

ரத்தம் என்றதும் மனைவி எழுந்துவிட்டாள். வெள்ளைத் துணி மேஜையை அவள் பார்த்ததில்லை. ஆனால் அக்காவின் புடவையை அலசியது அவள்தான். மூன்று வாளித் தண்ணீர் சிவந்தது. "வேண்டாங்க," என்றாள். "என்னை யாருன்னு கேட்டாலும் பரவால்ல. அடிச்சாலும் பரவால்ல. இருந்தாப் போதும்."

"எனக்குப் போதாது," என்றார் மாஸ்டர்.

அவர் அவளிடம் அவ்வளவு அழுத்தமாக எதையும் சொன்னதில்லை. அவளுக்கே அது தூக்கிவாரிப் போட்டது. டாக்டரிடமிருந்து சம்மதப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுபடியும் கழுத்து, மறுபடியும் திரை. ஒரு மணி நேரம். அழுத்தம் பதினொன்றில் நின்றது. ஆபத்துக் கோட்டுக்குக் கீழேதான் என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் புத்தி தடுமாறவில்லை. ரத்தமும் வரவில்லை. ஆனால் கட்டிங் மெஷினை அவர் திரும்பத் தொடவில்லை. தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சொல்லாவிட்டாலும் தொட்டிருக்க மாட்டார். தரைத்தளத்து மேஜையில் உட்கார்ந்து அட்டையில் அளவு வரைந்து கொடுக்கிறார், வெட்டுவது வேறு ஆள். முதல் நாள் ஒரு கோடு வரைந்து முடித்ததும் அளவுகோலை வைத்துப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக. சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் வைத்துப் பார்த்தார். இப்போதும் பார்க்கிறார்.

இரண்டு வருடம் கழித்து, ஆறு மாதத்துக்கொருமுறை செய்கிற ஸ்கேனுக்குப் போயிருந்தார்கள். அங்கே புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை விலா இடுக்கில் வைத்தவள், ஏதோ பட்டனைத் தட்டினாள். அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. மழைக்காலத்தில் பெரிய வடிகாலில் தண்ணீர் பாய்கிற மாதிரி, நிற்காமல், ஹோவென்று.

மாஸ்டர் பதறி எழப் பார்த்தார். "என்னம்மா உடைஞ்சுது?"

"படுங்க ஐயா, படுங்க. ஒண்ணும் உடையல. உங்களுக்குள்ள இருக்கற குழாய்ல ரத்தம் ஓடற சத்தம். போன தடவையெல்லாம் சவுண்டு வெக்கலயா? நல்லாத் திறந்திருக்கு. அடைப்பே இல்ல."

அவர் அப்படியே படுத்துவிட்டார். தனக்குள் இவ்வளவு வேகமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா? சாப்பிடும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், அட்டையில் குனிந்திருக்கும்போதும்? தலையைத் திருப்பி மனைவியைத் தேடினார். அவள் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"கேட்டியா?" என்றார்.

"கேக்குதுங்க," என்றாள். "இவ்வளவு இரைச்சலை வெச்சுக்கிட்டுத்தானா நான் குறட்டை விடறேன்னு என்னைச் சொல்றீங்க?"

ஸ்கேன் பெண் சிரித்துக்கொண்டே சத்தத்தை அணைக்கப் போனாள். இன்னும் கொஞ்ச நேரம் வைக்க முடியுமா என்று மாஸ்டர் கேட்டார். வெளியே பதினான்கு பேர் காத்திருப்பதாக அவள் சொன்னாள். ஆனாலும் வைத்தாள்.